இடப்பக்கக் கதவு

பிப்ரவரி 6, வியாழன்

பட்டறையில் கடைசித் தறியையும் இன்று கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து நானும் அவரும் அந்தத் தறிச் சத்தத்துக்குள் கத்திக் கத்தியே பேசிப் பழகியவர்கள். இன்று வீட்டில் மெதுவாகப் பேசினால் யாரோ செத்த வீட்டில் பேசுவதுபோல இருக்கிறது.

தறிக்கு நூல் தார் சுற்றிய கைக்கு வேலையில்லை. அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். லாரி ஓனர் கந்தப்பண்ணன் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு லாரிப் படம்.

அந்தக் கந்தப்பண்ணனே சாயந்திரம் வந்தார். "டிரைவருக்கு அத்தனை பஞ்சம் அம்மணி. வண்டி சும்மா நிக்குது. நீங்க ரெண்டு பேரும் ஹெவி லைசென்ஸ் எடுத்துப்போட்டு வாங்க, ஒரு வண்டியத் தாரேன். ஒருத்தர் ஓட்டோணும், ஒருத்தர் தூங்கோணும், வண்டி நிக்கப்படாது. புருசன் பொண்டாட்டின்னா எனக்கும் நிம்மதி. தண்ணி போட மாட்டீங்க, டீசல விக்க மாட்டீங்க."

அண்ணன் முடிக்கும் முன்பே அவர் சரி என்று சொல்லிவிட்டார். எனக்குச் சம்மதமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கும் சம்மதம்தான், அது வேறு விஷயம்.

கார் லைசென்ஸ் இருவருக்கும் இருக்கிறது. எனக்கு மகளிர் குழுவில் எடுத்துக் கொடுத்தது. அவர் பட்டறை டெம்போவை ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு வருஷம் முன்பு தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டை தெறித்து இடது கண்ணில் அடித்த பிறகு டெம்போவை எடுக்கவில்லை. அதெல்லாம் ஆறிப்போன கதை. டாக்டரே சரியாகிவிட்டது என்று சொன்னாராம். நான் அன்று கூடப் போகவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மகள் சுடர் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். "அம்மா, நீ லாரி ஓட்டப் போறியா? போட்டோ எடுத்து அனுப்பு, இங்க ஒருத்தியும் நம்ப மாட்டீங்கறா" என்று ஒரே கத்தல். அவருக்கும் சிரிப்பு. டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டார். பேச்சு சுவாரசியம்.

பிப்ரவரி 12, புதன்

பயிற்சிக்கு இடம் பார்க்கப் போனோம். திருச்செங்கோடு ரோட்டில் ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. பெண்களுக்குக் கட்டணமே இல்லை, ஆணுக்குப் பாதி, மத்தியானம் சாப்பாடும் போடுகிறார்கள். பட்டறையில் என்னோடு தார் சுற்றிய பாவாயக்கா இப்போது அங்கேதான் சமையல். இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும்? எனக்கு வாயெல்லாம் பல்.

நான் வெளியே நிற்க அவர் மட்டும் உள்ளே போனார். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, திரும்பி வந்தார்.

"சரிப்பட்டு வராது, வா."

"ஏனுங்க, என்னாச்சு?"

"மூணு மாசம் இழுப்பாங்களாமா. நமக்கு ஆகாது."

பக்கத்து ஊரில் இன்னொரு ஸ்கூல். அங்கே இரண்டு பேருக்கும் பணம். ஜோடியாக வந்தால் ஒருத்தருக்குப் பாதி என்றார்கள். டாக்டர் சர்டிபிகேட்டுக்குக்கூட அலைய வேண்டாம், அவர்களே வாங்கிக் கொடுத்துவிடுவார்களாம். இவர் அங்கேயே சேர்த்துவிட்டார். கொத்தமல்லித் தழைக்குப் பேரம் பேசுகிற மனுஷன், இங்கே ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. பணம் என்னுடைய சீட்டுப் பணம் என்பதாலா? வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

எல்.எல்.ஆர். வந்துவிட்டது. இன்று முதல் நாள். பயிற்சி லாரி கிழடு, கியர் போட்டால் பல்லைக் கடிக்கிறது. மாஸ்டர் பெயர் குழந்தைவேல். முப்பது வருஷம் அசாம் லைன் ஓடியவர். வாயில் எந்நேரமும் ஏலக்காய்.

நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அடேயப்பா, என்ன உயரம்! எங்கள் ஊர்க்காரர்களின் வழுக்கையெல்லாம் மேலிருந்து தெரிகிறது. வண்டி நகர்ந்ததும் வயிற்றில் ஒரு குளுமை. கல்யாணத்தன்றுகூட எனக்கு இப்படிச் சந்தோஷம் வந்ததாக நினைவில்லை. இதை அவர் படிக்க மாட்டார், அதனால் எழுதுகிறேன்.

அவர் ஓட்டும்போது நான் இடது பக்கம், கிளீனர் சீட்டில். மாஸ்டர் எங்களுக்கு நடுவில். இடது பக்கக் கதவைக் கையால் தட்டிச் சொல்ல வேண்டியது கிளீனர் வேலை. "ஒரு தட்டு தட்டுனா நில்லு. ரெண்டு தட்டுனா போ. ஊரு ஊருக்குப் பாசை மாறும், இந்தப் பாசை காஷ்மீர் வரைக்கும் ஒண்ணுதான்" என்றார் மாஸ்டர்.

மார்ச் 1, சனி

சாயந்திரம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"வாணி, இடது பக்கம் நீ பாத்துக்கோ. எனக்கு அந்தப் பக்கத்துக் கண்ணாடி இன்னும் பழகல. நீ தட்டுனா நான் நிறுத்திப்போடறேன்."

பழகவில்லையாம். சரி, பழகட்டும்.

சோப்பு தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

இன்று என் தட்டுக்கு அவர் நின்றார், என் தட்டுக்குப் போனார். ஒரு பிசகில்லை. மாஸ்டருக்கு ஒரே ஆச்சரியம். "திருச்செங்கோட்டுச் சாமியாட்டம் இருக்கறீங்களே! பாதி நீயி, பாதி அம்மணி. பேசாம ரெண்டு பேரும் ஒரே சீட்ல உக்காந்துக்கங்க" என்று கேலி செய்தார். அந்தச் சாமிக்கும் இடது பாதிதான் அம்மன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

சந்தையில் பாவாயக்காவைப் பார்த்தேன். "ஏன் வாணி, எங்ககிட்டச் சேராம அங்க போய்ப் பணத்தக் கொட்டறீங்க?" என்று பிடித்துக்கொண்டாள்.

"மூணு மாசம்னு சொன்னாங்களாமாக்கா."

"எவன் சொன்னான்? ஒரு மாசந்தான். மொத நாளு கண்ணு டெஸ்ட்டு, மறுநா வண்டி. உம்பட ஊட்டுக்காரரு வந்தாரே, கண்ணு டாக்டரு உக்காந்திருக்கறதப் பாத்தாரு, அப்படியே திரும்பீட்டாரு. நான் கூப்பிடறேன், காதுலயே வாங்கல."

கத்திரிக்காய் வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மத்தியானம் அவர் படுத்திருந்தார். கேட்டேவிட்டேன். "எடது கண்ணு எவ்வளவு தெரியுது?"

"கொஞ்சம் மங்கல். அவ்வளவுதான்."

நான் அவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு விரலைக் காட்டினேன். "இது எத்தன?"

கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டார். "எனக்கே டெஸ்ட்டு வெக்கறயா?" என்று கத்தினார். தறி ஓடும் காலத்துக் கத்தல். பிறகு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வெளிச்சம் தெரிகிறதாம், ஆள் தெரியவில்லையாம். இரண்டு வருஷமாகவே அப்படித்தானாம்.

எனக்குத் தெரியாதா என்ன? இடது தோளால் வாசல் நிலையில் இடித்துக்கொண்டு நிலையைத் திட்டுவதை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். கேட்டால் உண்மையாகிவிடும் என்று கேட்காமல் இருந்தேன்.

"தறியும் போச்சு வாணி. இதுவுமில்லீன்னா நான் என்னன்னு ஊட்ல உக்காருவேன்? உனக்கு ரெண்டு கண்ணு இருக்குதல்ல. எடது பக்கம் நீ பாரு, மிச்சத்த நான் பாத்துக்கறேன். இத்தன நாளு அப்படித்தான ஓட்டறேன்?"

"ரெண்டு டிரைவர் எதுக்குன்னு கந்தப்பண்ணன் சொன்னாரு? ஒருத்தர் ஓட்டறப்ப ஒருத்தர் தூங்கோணும். நான் ஓட்டறப்ப நீங்க தூங்குவீங்க. நீங்க ஓட்டறப்ப நான் தட்டோணும். அப்ப நான் எப்பத் தூங்கறது?"

அவர் துண்டை எடுத்து உதறி மடித்தார், மறுபடி உதறினார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒருத்தருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சுடர் மேல சத்தியம் பண்ணு" என்றார். பெற்ற பிள்ளை மேல் எந்த மனுஷனாவது இதற்கெல்லாம் சத்தியம் கேட்பானா? கேட்டார். கண்ணில் தண்ணீர் வேறு. பார்வையில்லாத கண்ணிலும் தண்ணீர் வருகிறது.

பண்ணித் தொலைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

கேபினில் ஏறினால் மூச்சு முட்டுகிறது. கண்ணாடி இறக்கித்தான் இருக்கிறது, காற்றும் வருகிறது, ஆனாலும் முட்டுகிறது.

மார்ச் 14, வெள்ளி

ஒறம்பரையெல்லாம் வந்துவிட்டது. இவருடைய தங்கை, தங்கை வீட்டுக்காரர், பிள்ளைகள். நாங்கள் ஜோடியாக லாரி ஓட்டப்போவது தெருவெல்லாம் பேச்சாம். தங்கச்சி என் கன்னத்தைக் கிள்ளி, "குடுத்து வெச்சவ அண்ணி நீ. புருசனோட ஊரு ஊரா டூர் போவ" என்றாள். ஆமாம், டூர்தான். கேபினுக்குள் நாலடி இடத்தில் ஒரு கையைக் கதவில் வைத்தபடி காஷ்மீர் வரைக்கும் டூர்.

கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். நல்லாயிருந்தது என்றார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 19, புதன்

நேற்று எழுத முடியவில்லை. ஒன்றுமில்லை என்றது பொய்.

பள்ளிபாளையம் பிரிவில் அவர் இடது பக்கம் திரும்பினார். எனக்குச் சேலைத் தலைப்பு கதவில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து எடுக்கக் குனிந்தேன், கண் சிமிட்டும் நேரம்தான். நிமிர்ந்தால் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பால்காரர், சைக்கிளில் இரண்டு கேன். நான் தட்டவில்லை, கதவையே உடைப்பதுபோல் அடித்தேன். வண்டி நின்றது. கேன் மட்டும் சாய்ந்து பால் ரோட்டில் ஓடியது. பால்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். நல்லவேளை, திட்டுவதற்கு ஆள் இருந்தார்.

மாஸ்டர் இறங்கிப் போய்ச் சமாதானம் பேசினார். திரும்பி வந்து, "அம்மணி என்னமா பாக்குது பாரு! இப்படி ஒரு கிளீனர் கெடச்சா எவனும் கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்றார்.

அவர் கியர் போட்டார். வீட்டுக்கு வந்து, "பாத்தயா, ஒண்ணும் ஆகலயில்ல" என்றார்.

ஒன்றும் ஆகவில்லையாம்! அந்த ஆளின் வெள்ளைச் சட்டை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. இவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல வெறி வந்தது. அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

மாஸ்டரிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் வீட்டு வாசல்வரை போய்விட்டேன். சுடரின் முகம் வந்தது. சத்தியமெல்லாம் சும்மா என்று அடுத்தவர்களுக்குச் சொல்வேன். என் பிள்ளை என்று வரும்போது கால் நகரவில்லை. "சும்மா இப்படி வந்தேனுங்" என்று அவர் சம்சாரத்திடம் ஏலக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சொன்னால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்று பயம். சொல்லாவிட்டால் யார் பிள்ளைக்காவது ஆகும்.

மார்ச் 26, புதன்

நாளைக்கு டெஸ்ட். பிரேக் இன்ஸ்பெக்டர் கீழே நின்று பார்ப்பாராம். ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருப்பதால் இடது பக்கம் ஒரு ஆள் கிளீனராக ஏறிக்கொள்ள விடுவாராம். இங்கே அதுதான் வழக்கம் என்றார் மாஸ்டர். இவருக்கு அதைக் கேட்டதும் முகம் தெளிந்துவிட்டது.

"நீ தட்டுனாப் போதும்" என்றார்.

தட்டுகிறேன் என்றேன். தட்டத்தான் நினைத்திருக்கிறேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். இவர் கிளீனர் சீட்டில் ஏறினார். நான் இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்து நானே ரிவர்ஸ் எடுத்து நானே விட்டேன். தார் டிரம்களுக்கு நடுவில் வண்டி நூல் கோத்தாற்போலப் போய் நின்றது. "பாஸ்மா, எறங்குங்க" என்றார் இன்ஸ்பெக்டர். சின்ன வயசுக்காரர், கறாரான ஆள்.

அடுத்து இவர். நாங்கள் இடம் மாறி உட்கார்ந்தோம். நேராக ஓட்டியதில் குறையில்லை. ரிவர்ஸ் போட்டார். என் கை கதவுக்கு வெளியே தயாராக இருந்தது. இடது பக்கத்து டிரம் நெருங்கியது. இப்போது தட்டினால் நிற்பார். தட்டினால் பாஸ். பாஸானால் கந்தப்பண்ணன் வண்டி. வண்டி வந்தால் இந்தக் கை செத்தாலும் கதவை விட்டு வர முடியாது. எங்கோ ஒரு ஊரில், ஏதோ ஒரு திருப்பத்தில் நான் ஒருக்கா கண் அசந்தால் அந்தப் பால்காரர்.

கையைத் தூக்கினேன். அது கீழே வரவில்லை.

டிரம் நசுங்கிய சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. இவர் வண்டியை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு வராது.

இன்ஸ்பெக்டர் வந்து, "என்னய்யா, அவ்வளவு பெரிய டிரம் தெரியலயா?" என்றார்.

இவர் இறங்கிக்கொண்டே, பதற்றத்தில், நியாயம் கேட்பதுபோலச் சொன்னார்: "அவ தட்டலீங்க."

"யாரு தட்டல?"

"எம் பொண்டாட்டிங்க. எடது பக்கம் அவதானுங்க தட்டோணும்."

"அவங்க தட்டாட்டி உனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "வலது கண்ண மூடுங்க. அந்த மரத்துல ஒரு போர்டு கட்டியிருக்கு. என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்றார்.

மரம் பத்தடியில் இருந்தது. இவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியும் இப்படியும் திரும்பினார்.

"எந்த மரமுங்க?" என்றார்.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

யாரிடமும் நான் சொல்லவில்லை. சத்தியம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

மார்ச் 29, சனி

"எம்பட கண்ணப் புடுங்கிப்போட்டயே." வந்ததிலிருந்து அவர் சொன்னது இந்த ஒன்றுதான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பேச்சில்லை. தட்டில் சோறு வைத்தால் சாப்பிடுகிறார். நான் நடந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இரண்டு அறை வீட்டில் இரண்டு பேர் இப்படி ஒளிந்துகொண்டிருப்பது தறி ஓட்டுவதைவிடப் பெரிய வேலை.

எனக்கும் ரோஷம் உண்டு. நான் ஏன் முதலில் பேச வேண்டும்?

ஏப்ரல் 4, வெள்ளி

கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். இடது கண்ணில் இனிப் பார்வை வராது என்றார் டாக்டரம்மா. அடிபட்ட அன்றைக்கே சொல்லியிருப்பார்களே என்றும் கேட்டார். இவர் தரையைப் பார்த்தார். ஆக, சரியாகிவிட்டது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் தனியாகவே அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது கோபம் போய் அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கந்தப்பண்ணன் வந்தார். எல்லாம் தெரிந்துதான் வந்தார். "தூரம் போற வண்டி இனி ஆகாது. லோக்கல் வண்டி ஒண்ணிருக்குது. சங்ககிரில சிமெண்ட் ஏத்தி ஈரோடு, திருப்பூர். பொழுதுக்குள்ள ஊடு திரும்பிரலாம். நீ ஓட்டறயா அம்மணி?"

ஓட்டுகிறேன் என்றேன்.

"கிளீனருக்கு யாரப் போடறது?"

அவர் உள்ளே முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். அவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "அவரு வந்தா வரட்டுங்ணா. வராட்டி வேற ஆளப் போடுங்க."

ஏப்ரல் 15, செவ்வாய்

நாளைக்கு முதல் லோடு. சட்டை, பேன்ட் தைத்து வாங்கிவிட்டேன். இனிச் சேலைத் தலைப்பு எதிலும் மாட்டாது. அவர் வருவாரா என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

நான் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டேன். சொன்னேனே தவிர, தெருமுனைவரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

லாரிப் பட்டறைக்குப் போனால் முன் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பழத்தைச் சக்கரத்துக்குச் சற்று விலக்கி வைத்துவிட்டு, தடவிப் பார்த்துச் சரியாக நகர்த்தினார். நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. அவரும் நிமிரவில்லை.

நான் வலது பக்கம் ஏறினேன். அவர் சுற்றிப் போய் இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார். முன்பு நான் உட்கார்ந்த சீட். இந்த மனுஷனோடு இந்தக் கூண்டுக்குள் இனி தினமும். கோபம் வந்தாலும் நடுரோட்டில் இறங்கிப்போக முடியாது. எனக்கும் முடியாது, அவருக்கும் முடியாது.

சங்ககிரியில் மூட்டை ஏற்றினார்கள். கேட்டை விட்டு வெளியே வந்து வலது பக்கம் திரும்பி ரோட்டில் சேர வேண்டும். வலது பக்கம் எனக்குத் தெரியும், இடது பக்கமிருந்து வரும் வண்டிகளை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் காத்திருந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, முகத்தை முழுசாகத் திருப்பி, வலது கண்ணால் ரோட்டைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. ஒரு பஸ் போகும்வரை இருந்தார். பிறகு கதவில் தட்டினார். இரண்டு தட்டு.

நான் கிளட்சை விடவில்லை. ஒரு தடவை எட்டி இடது பக்கம் பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். இப்போது கத்துவார், இல்லாவிட்டால் இறங்கியே போய்விடுவார் என்று நினைத்தேன்.

"பாத்துக்கோ" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என்னிடம் இதுதான் முதல் பேச்சு. "நான் தட்டுனாலும் நீ ஒருக்காப் பாத்துட்டே எடு."

ரோடு காலியாக இருந்தது. முதல் கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன்.